போர்சிங்கிஸையும் ஜூரூவையும் சேர்த்துக் கொடுத்தால் கியானிஸ் வருவாரா?

கேள்வி, 2025 மே 29

அண்ணா, பாஸ்டன் செல்டிக்ஸ் பாஸ்கெட்பால் அணி அடுத்த சீசனில் போர்சிங்கிஸுக்கு 30.7 மில்லியன் டாலர், ஜூரூ ஹாலிடேக்கு 32.4 மில்லியன் கொடுக்க வேண்டும். கூட்டினால் 63.1. மில்வாக்கி ஸ்டார் கியானிஸின் சம்பளம் 54.1. இரண்டு பேரையும் மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு கியானிஸைக் கூட்டிவந்தால் ஒன்பது மில்லியன் மிச்சம், கூடவே உலகத்தின் முதல் மூன்று ஆட்டக்காரர்களில் ஒருவர். செல்டிக்ஸ் நிர்வாகி பிராட் ஸ்டீவன்ஸ் ஏன் இதைச் செய்யாமல் சும்மா இருக்கிறார்?

மே 29, இரவு

வரமாட்டார். கூட்டல் சரி, விதி தப்பு.

என்பிஏவில் இப்போது நான்கு கோடுகள். 2025-26க்கு சம்பள கேப் (அணியின் மொத்தச் சம்பள வரம்பு) 154.6 மில்லியன், லக்சுரி டாக்ஸ் கோடு (தாண்டினால் லீகுக்கு வரி) 187.9, அதற்கும் மேலே, தாண்டினால் ஆள் வாங்கக் கட்டுப்பாடு விழும் முதல் ஏப்ரன் 195.9, இரண்டாவது ஏப்ரன் 207.8. (சமையலறை ஏப்ரன்தான். யார் வைத்த பெயரோ.) செல்டிக்ஸ் இரண்டாவது ஏப்ரனையும் தாண்டி நிற்கிறது. அங்கே நிற்பவர்கள் இரண்டு பேரின் சம்பளத்தை ஒன்றாகக் கட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. கொடுப்பதைவிட ஒரு டாலர்கூட அதிகமாக எடுக்க முடியாது. ரொக்கம் சேர்த்துக் கொடுக்க முடியாது. ஏழு வருஷம் கழித்து வரும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) விற்க முடியாது.

ஆக, கட்டு போடவே வழி இல்லை. மில்வாக்கி ஏன் கொடுக்க வேண்டும் என்று இன்னும் நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது வேறு கதை.

மே 30

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 'முடியவே முடியாது' என்று அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது. டிரேட் (அணிகளுக்குள் ஆள் மாற்றம்) முடிந்த *பிறகு* அணி எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. முடிந்ததும் 207.8க்குக் கீழே வந்துவிட்டால் இருவரைக் கட்டலாம். ஆனால் அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

செல்டிக்ஸுக்கு இப்போது ஒப்பந்தத்தில் இருப்பவர்களை மட்டும் கூட்டினால் சுமார் 227. இருவரும் போனால் 163.9. கோட்டுக்கு மிச்சம் 43.9. கியானிஸ் 54.1. பத்து மில்லியன் இடிக்கிறது. அந்தப் பத்துக்காக சாம் ஹவுசரையும் (10 மில்லியன்) வேறு எங்காவது தள்ளினால் கூட்டல் 208. அப்போதும் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறோம், மயிரிழையில்!

மே 30, கொஞ்ச நேரம் கழித்து

செல்டிக்ஸின் டேட்டத்துக்கும் கியானிஸுக்கும் அடுத்த சீசனில் ஒரே சம்பளம் என்பதை யாராவது கவனித்தீர்களா? இரண்டும் 54.1. பேரம் பேசி வந்த தொகை இல்லை. கேப்பில் 35 சதவீதம், புது ஒப்பந்தத்தின் முதல் வருஷத்தில் வழக்கமாக அதற்கு மேல் விதிப்படி கொடுக்க முடியாது. கேப் வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பதால் 140.6 என்பது 154.6 ஆகிறது, அதில் 35 சதவீதம். பெரிய ஸ்டாரின் சம்பளம் என்பது பெருக்கல் வாய்ப்பாடுதான்.

ஜூன் 1

"டாக்ஸ்தானே, ஓனர் பணக்காரர், கட்டிவிட்டுப் போகட்டும்" என்று மேலே ஒருவர். அவருக்காக உட்கார்ந்து போட்டேன்.

டேட்டம் 54.1, பிரவுன் 53.1, ஜூரூ 32.4, போர்சிங்கிஸ் 30.7, டெரிக் வைட் 28.1. ஐந்து பேர், 198.4. களத்தில் முதலில் இறங்கும் ஐந்து பேருக்கே டாக்ஸ் கோடு தாண்டிவிட்டது. பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாம் கோட்டுக்கு மேலே மாடி கட்டிக் குடியிருக்கிறார்கள்.

227இல் 187.9 போக 39.1 மில்லியன் அதிகம். டாக்ஸ் படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியும் 5.685 மில்லியன். முதல் படியில் டாலருக்கு 1 டாலர், அடுத்தது 1.25, அப்புறம் 3.50, 4.75, அதற்கு மேல் படிக்கு அரை அரை டாலராக. கூட்டினால் கிட்டத்தட்ட 153 மில்லியன் டாக்ஸ். சம்பளத்தோடு 380.

கட்டிவிட்டுப் போகட்டுமா?

ஜூன் 1, பத்து மணிக்கு மேல்

மேலே உள்ள கணக்கு தப்பு. என் பையன் (பதிமூன்று வயது) தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "அப்பா, நாம ரிப்பீட்டர்" என்றான்.

நாம! இவன் அலவன்ஸில் கட்டுகிற மாதிரி.

ஆனால் சொன்னது சரி. முந்தைய நான்கு சீசனில் மூன்றில் டாக்ஸ் கட்டிய அணிக்குத் தனி விகிதம். செல்டிக்ஸ் 2022-23, 2023-24, 2024-25 மூன்றிலும் கட்டியாயிற்று. அப்படியானால் ஒவ்வொரு படியிலும் டாலருக்கு இரண்டு டாலர் கூட: 3.00, 3.25, 5.50, 6.75, 7.25, 7.75, 8.25. 39.1ஐ இரண்டால் பெருக்கி என் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்ஸ் 153 இல்லை, 231க்கு மேல். காலி இடங்களை நிரப்பினால் சம்பளமும் டாக்ஸுமாக அரை பில்லியன். செய்திகளில் அடிபட்ட 500 மில்லியன் இப்படித்தான் வருகிறது.

பதினாறு வருஷமாக சம்பளப் பட்டியல் போட்டுச் சம்பாதிக்கிறவன் 78 மில்லியன் விட்டிருக்கிறேன். ஆபீஸில் யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஜூன் 2

நேற்றைய கணக்கில் ஒரு விஷயம் ராத்திரி தூங்க விடவில்லை. அந்த உயரத்தில் நிற்கும்போது, பெஞ்சின் கடைசியில் துண்டு எடுத்துக் கொடுக்க ஒரு அனுபவசாலியைக் குறைந்தபட்ச சம்பளத்தில் எடுத்தால் 2.3 மில்லியன். அதற்கு டாக்ஸ் 19 மில்லியன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆத்தா சொல்லும். இங்கே சுமைகூலி எட்டேகால் மடங்கு.

திருப்பிப் பார்த்தால் இதுவேதான் வழியும். ஒரு மில்லியன் குறைத்தால் ஒன்பதேகால் மில்லியன் மிச்சம். அதனால் இந்த அணியிடம் "யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம்" என்று கேட்பதே வீண். யாரைக் கொடுத்து *எவ்வளவு குறைவாக* வாங்கலாம் என்று கேட்க வேண்டும்.

ஜூன் 9

பிரவுனை விற்கச் சொல்லும் கூட்டத்துக்கு. ஒருவரைக் கொடுத்து மூன்று பேர் வாங்க விதி தடுக்காது. 2024 அக்டோபரில் மினசோட்டா இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே நின்றுகொண்டுதான் டவுன்ஸைக் கொடுத்து ராண்டில், டிவின்சென்சோ, பேட்ஸ்-டியாப் எல்லோரையும் வாங்கியது. கட்டுப் போட்டது எதிர்ப்பக்கம், நியூயார்க். அவர்களுக்கும் கொஞ்சம் இடித்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? டாக்வான் ஜெஃப்ரீஸ், சார்லி பிரவுன் ஜூனியர், டுவேன் வாஷிங்டன் ஜூனியர் என்று மூன்று பேரை ஒப்பந்தம் போட்டு, அதே கையோடு சார்லட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டல் சரியாக வரவேண்டும் என்பதற்காக மட்டும். தராசில் எடைக்கல் குறைந்தால் புளி உருண்டையை வைப்பதுபோல மூன்று மனிதர்கள்.

எங்கே விட்டேன்? பிரவுன். அவரைக் கொடுத்து 53க்கு 50 வாங்கினால் டாக்ஸ் பெரிதாக இறங்காது. இறங்க வேண்டுமானால் எதிரே கேப் இடம் காலியாக உள்ள அணி வேண்டும். இந்தக் கோடையில் அப்படிப் பெரிய இடம் வைத்திருப்பது புரூக்ளின் ஒன்றுதான். அவர்கள் சும்மா வாங்கிக்கொள்வார்களா? வண்டிக்கூலி கேட்பார்கள், டிராஃப்ட் உரிமையாக.

டேட்டம் வேறு இல்லை. மே 12, மேடிசன் ஸ்கொயர் கார்டன், நாலாவது ஆட்டம். 42 பாயின்ட் போட்டிருந்தார். தரையில் ஓடிய பந்தைப் பிடிக்க ஒரு அடி வைத்தார், யாரும் தொடவில்லை, அப்படியே உட்கார்ந்தார். வலது குதிகாலில் அக்கிலீஸ் தசைநாண். பக்கத்தில் பையன் தட்டில் சப்பாத்தியைப் பிய்த்தபடி இருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். அடுத்த சீசன் போனது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இதில் பிரவுனையும் அனுப்பினால் டிக்கெட் யார் வாங்குவது?

ஜூன் 24, காலை

ஜூரூ போய்விட்டார். போர்ட்லண்ட். வருவது ஆன்ஃபர்னி சைமன்ஸ், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள்.

32.4க்கு 27.7. குறைந்தது 4.7. டாக்ஸில் மட்டும் கிட்டத்தட்ட 39 மில்லியன் மிச்சம். ஆனால் அதுகூட முக்கியம் இல்லை. ஜூரூவின் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷம், 104 மில்லியன், கடைசி வருஷத்தில் அவருக்கு 38 வயதாகும். சைமன்ஸின் ஒப்பந்தம் 2026 கோடையில் முடிகிறது. இரண்டு ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்டது மாதிரித் தெரிகிறது. உண்மையில் மாறியது இரண்டு முடிவுத் தேதிகள்.

இதைத்தான் மூன்று வாரமாக நானே இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் ஏன் காலையிலிருந்து மனசு சரியில்லை என்று தெரியவில்லை.

ஜூன் 24, மதியம்

தெரியும்.

2024 கிழக்குப் பிரிவு ஃபைனல், மூன்றாவது ஆட்டம், இண்டியானா. ஜூரூவுக்கு உடம்பு சரியில்லை, ஆடுவாரா என்பதே சந்தேகம். செல்டிக்ஸ் பின்தங்கிக் கிடந்து எழுந்து வந்த ஆட்டம். கடைசி மூன்று சொச்சம் வினாடி. ஆண்ட்ரூ நெம்ப்ஹார்ட் பந்தோடு உள்ளே பாய வருகிறார். ஜூரூ கையை வீசவில்லை. நெஞ்சால் நிறுத்தி, மாவு பிசைகிறவர் பாத்திரத்திலிருந்து கையை எடுப்பதுபோல் பந்தை உருவிக்கொண்டார். 114-111. அடுத்த மாதம் பதினெட்டாவது கோப்பை. இந்த மாதிரி வேலைக்கு என் எக்செல் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

இன்னொன்று, சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், வருஷக் கடைசியில் பட்ஜெட்டுக்குள் அடக்கச் சொல்லி ஒரு பட்டியல் கேட்டார்கள். யார் போனால் எவ்வளவு குறையும் என்று. சம்பளம் அதிகம், சீனியர், ஓய்வுக்கு நாலு வருஷம் பாக்கி என்று ஒரு அம்மா. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். என் தாளில் பதினான்காவது வரிசை. அந்த வரிசையை நீக்கினால் கூட்டல் பச்சை ஆனது. நான் முடிவு எடுக்கவில்லை, பட்டியல்தான் போட்டேன். அடுத்த மூன்று மாதம் விடுப்புக் கணக்கில் ஏதாவது சிக்கல் வந்தால் பழக்கதோஷத்தில் அவர் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டு நின்றிருக்கிறேன்.

இதற்கும் பாஸ்கெட்பாலுக்கும் சம்பந்தம் இல்லை, விடுங்கள்.

ஜூன் 25

போர்சிங்கிஸும் போயாச்சு. அட்லாண்டா. மூன்று அணி சேர்ந்த டிரேட். போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு, ஜார்ஜஸ் நியாங் நமக்கு, டெரன்ஸ் மேன் புரூக்ளினுக்கு. மேனை வாங்கிக்கொண்டதற்காக அட்லாண்டாவின் 22ஆவது டிராஃப்ட் உரிமையும் புரூக்ளினுக்கு. வண்டிக்கூலி என்று ஜூன் 9 எழுதினேன் இல்லையா, அதுதான். கட்டியது நாம் இல்லை, அட்லாண்டா.

30.7 போய் 8.2 வந்தது. 22.5 குறைவு. இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே இறங்கியாயிற்று. அந்த 22.5க்கு ஒரு டிரேட் எக்ஸெப்ஷனும் கிடைக்கும். ஒரு வருஷத்துக்குள் அந்த அளவு சம்பளக்காரர் ஒருவரை யாரையும் கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் மறுபடியும் டாக்ஸ், ஆகவே இந்த வருஷத்துக்கு அது பரணில் வைத்த பித்தளைப் பாத்திரம்.

கேள்வி கேட்ட தம்பி கவனிக்கவும். நீங்கள் சொன்ன அதே இரண்டு பேர்தான் போனார்கள். கியானிஸுக்குப் பதில் நியாங்.

ஜூன் 27

நேற்று ஒருவர், "63 மில்லியன் ஆட்களைக் கொடுத்து 36 மில்லியன் ஆட்களை வாங்கியிருக்கிறார்கள், ஸ்டீவன்ஸுக்குக் கணக்கு தெரியாது" என்று எழுதியிருந்தார். கணக்கு தெரிந்ததால்தான்! அந்த 27 மில்லியனில் 190க்கு மேல் டாக்ஸ் ஒளிந்திருக்கிறது. அணியை பில் சிஸம் 6.1 பில்லியனுக்கு வாங்குவதாக மார்ச்சிலேயே பேசி முடித்தாயிற்று. வீடு வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது கரன்ட் பில்லைத்தான்.

ஜூலை 8

ஜூரூ டிரேட் அதிகாரபூர்வமாக முடிந்தது. ஆனால் அந்த இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளைக் காணவில்லை. ஜூரூவின் மருத்துவ அறிக்கைகளைப் பார்த்த பிறகு பேரம் மாறியது என்று செய்தி. இப்போது ஆளுக்கு ஆள், அவ்வளவுதான்.

செல்டிக்ஸுக்கு இது புதிதல்ல. 2023 ஜூனில் போர்சிங்கிஸ் வந்த டிரேடிலும் முதலில் போவதாக இருந்தவர் பிராக்டன். மருத்துவ விஷயத்தில் கிளிப்பர்ஸ் பின்வாங்க, சில மணி நேரத்தில் மார்கஸ் ஸ்மார்ட் போனார். ஒருவரின் உடம்பு அறிக்கை இன்னொருவரின் வீட்டை மாற்றிவிட்டது. ஸ்மார்ட் போன அன்று எங்கள் தெருவில் சாவு விழுந்த மாதிரி இருந்தது.

இன்னொரு வேடிக்கை. 2023 செப்டம்பர் கடைசியில், லில்லர்ட் மில்வாக்கிக்குப் போன டிரேடில் ஜூரூ மில்வாக்கியிலிருந்து போர்ட்லண்டுக்குத்தான் போனார். நாலு நாள் அந்த அணியின் ஆள். பெட்டியைப் பிரிப்பதற்குள் ராபர்ட் வில்லியம்ஸ், பிராக்டன், இரண்டு முதல் சுற்று உரிமைகளுக்கு பாஸ்டன் வாங்கிக்கொண்டது. இப்போது அந்த நாலு நாள் வேலைக்குத் திரும்பிப் போகிறார்.

லூக் கார்னெட்டும் சான் அன்டோனியோ போய்விட்டார். உயரமானவர்கள் யாரும் மிச்சம் இல்லை போல.

ஜூலை 9

ஜூன் 24 மதியம் எழுதியதை இன்று மறுபடி படித்தேன். அந்த அம்மாவையும் ஜூரூவையும் ஒரே பத்தியில் வைத்தது நியாயம் இல்லை. ஜூரூ எந்த ஊரில் ஆடினாலும் 104 மில்லியன் வரும், ஒரு சென்ட் குறையாது. என்பிஏ ஒப்பந்தம் அப்படி. அந்த அம்மாவுக்கு எட்டு வாரச் சம்பளம், ஒரு அட்டைப் பெட்டி. எழுதியதை அழிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும். ஒப்பிட்டது தப்பு என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மாறியிருக்கிறது. டிரேட் போட்டு விளையாடுவதை விடவில்லை (நேற்று ராத்திரிகூட மூன்று போட்டேன்). ஆனால் இப்போது தாளில் ஒரு புதுக் கட்டம் வைத்திருக்கிறேன்: போகிறவர் செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வார்கள்? பெயர் எழுத முடியாவிட்டால் அந்த டிரேடை இங்கே போடுவதில்லை. ஜூரூ வரிசையில் 'வைட், பாதி' என்று எழுதியிருக்கிறேன். மீதிப் பாதி காலி.

ஆகஸ்ட் 6

நியாங்கும் போய்விட்டார். பக்கத்து ஊர்க்காரர், மெத்யூனில் வளர்ந்த பையன். ஆறு வாரம் சொந்த ஊர் அணியில் இருந்தார், ஒரு ஆட்டம் ஆடவில்லை. யூட்டாவுக்கு. அவரோடு இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளையும் கொடுத்தோம். கழற்றிவிட வேண்டிய மாப்பிள்ளைக்கு நாமே சீர்வரிசை வைத்து அனுப்புவதுபோல. வந்தவர் ஆர்ஜே லூயிஸ் ஜூனியர், டூ-வே ஒப்பந்தம் (பெரிய அணிக்கும் கீழ்நிலை அணிக்கும் ஆடுவது). அது சம்பளக் கணக்கிலேயே சேராது. 8.2 போய் பூஜ்யம் வந்தது.

பையன் கேட்டான்: "அப்பா, நியாங் வரிசையில 'வேலையை யார் செய்வார்கள்'னு என்ன போடறது?" அவர் இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லையேடா என்றேன். கோடு போட்டு விட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 7

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். இந்தத் தடவை கியானிஸ் இல்லை. "அண்ணா, டாக்ஸ் கோட்டுக்குக் கீழேயே போக இன்னும் எவ்வளவு குறைக்கணும்?" மே மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

டேட்டம் 54.1, பிரவுன் 53.1, வைட் 28.1, சைமன்ஸ் 27.7, ஹவுசர் 10, பிரிட்சர்ட் 7.2. ஆறு பேர், 180.2. கோட்டுக்கு மிச்சம் 7.7. அதற்குள் இன்னும் எட்டு ஒன்பது பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு மில்லியனுக்கு மேல். ஆக பத்து, பன்னிரண்டு மில்லியன் மேலே நிற்கிறோம். அவசரம் ஒன்றும் இல்லை. டாக்ஸைப் பார்ப்பது வழக்கமான சீசனின் கடைசி நாள் நிலவரத்தை வைத்துத்தான். பிப்ரவரி 5 வரை டிரேட் செய்யலாம். அதுவரை சைமன்ஸ் இருபது பாயின்ட் போட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஆமாம், போகப்போவது அவர்தான் என்று நானும் நினைக்கிறேன். 27.7 கொடுத்து 16, 17இல் உயரமான ஒருவர் வந்தால் கூட்டல் சரியாகிவிடும். பெயர் கேட்காதீர்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று, அவர் ஒரு ஆட்டமாவது ஆடட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பையன் ஜூரூவின் 4ஆம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பி நிற்கிறான். மாற்றச் சொல்லவில்லை. வண்டியை எடுக்க வேண்டும்.